தறிக்கு நல்ல ஆள் கிடைக்க: பட்டறை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, வனவாசி, தாரமங்கலம், எடப்பாடி என்று இந்தப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். வீட்டுக்குப் பின்னால் நாலு தறி, எட்டுத் தறி, வசதி இருந்தால் இருபது தறி. வீட்டுக்காரர் நூலுக்கும் துணிக்கும் வசூலுக்கும் அலைய, ஷிப்டுக்கு ஆள் வந்ததா, வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று தவிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். ‘தறி ஓட்ட ஆள் தேவை, வீடு உண்டு, முன்பணம் தரப்படும்’ என்ற நோட்டீசு சுவரில் வெளுத்துப் போகிற வரைக்கும் ஒட்டியிருக்கிறது. ஆள் வருகிறார், பாக்கி என்கிற முன்பணத்தை வாங்குகிறார், சில மாதத்தில் போய்விடுகிறார். மறுபடியும் நோட்டீசு. இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. மளிகைக்கடை, பேக்கரி, ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. ஆள் தேடுவதற்கு முன் வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். ‘தறி ஓட்ட’ என்றால் போதாது. சாதாரணத் தறியில் துண்டா, ஜக்கார்டு போட்ட தறியில் சேலையா, ரேபியரா? ஒருவர் எத்தனை தறி பார்க்க வேண்டும்? தார் சுற்றுவது யார்? பாவு தீர்ந்தால் பிணைக்கத் தனி ஆள் வருவாரா, அந்த நேரத்துக்குக் கூலி உண்டா? தறி துடைப்பது, எண்ணெய் விடுவது யார் பொறுப்பு? முதல் வாரத்திலேயே வருகிற சண்டைகளில் பெரும்பங்கு இந்தப் பேச்சு நடக்காததால் வருவது.

2. கடைசியாகப் போனவர் ஏன் போனார் என்று, இன்னும் உங்களிடம் இருக்கிறவரைக் கேளுங்கள். கழிப்பறைக் கதவு, ஓடாத ஃபேன், ராத்திரியில் அணைந்து போகிற டியூப்லைட் என்று பதில் வரலாம். அதைச் சரி செய்யாமல் புது ஆளைச் சேர்த்தால் அவரும் அதே கதவு வழியாகத்தான் போவார்.

3. நோட்டீசை விட நம்பகமான வழி, பாவு பிணைக்க வருகிறவர். அவர் எல்லாப் பட்டறைக்கும் போகிறவர். எங்கே தறி சுத்தமாக இருக்கிறது, யார் ஓட்டினால் துணியில் குறை வராது, யார் குடித்துவிட்டு வருகிறார் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. உங்களிடம் ஏற்கெனவே வேலை செய்கிற நல்ல ஆளின் சொல்லும் அப்படித்தான். தன் பேர் கெட்டுவிடும் என்பதால் மோசமான ஆளை அவர் கூட்டி வர மாட்டார். ஆள் கொண்டு வந்தவருக்கு ஏதாவது தர நினைத்தால், புது ஆள் மூன்று மாதம் நிலைத்த பிறகு கொடுங்கள். முதல் நாளே கொடுத்தால், ஆளைக் கொண்டு வந்து விடுவதோடு அவர் அக்கறை முடிந்துவிடும்.

4. கணக்கு எழுத, சூப்பர்வைசர் வேலைக்கு, எந்திரம் பழுது பார்க்க என்றால் தேடும் இடம் வேறு. தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம் 2020 ஜூனில் தொடங்கியது. வேலை கொடுப்பவர் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே படித்து வருகிற பிள்ளைகளுக்குத் துணியும் தெரியும், கணக்கும் தெரியும். பெரிய மில் வேலைதான் வேண்டும் என்று நினைப்பார்கள் என்று நாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது. கேட்டுப் பார்க்க வேண்டும்.

5. ‘நம்ம ஆளாப் பாருங்க’ என்று சொல்வதை விட்டுவிடுங்கள். சாதி பார்த்து, சொந்தம் பார்த்து ஆள் சேர்க்கிற பழக்கம் நம் பட்டறைகளில் ஊறிப்போனது. அது அநியாயம் என்பது முதல் விஷயம். அதோடு, தேடுகிற வட்டத்தை நாமே கால்வாசியாகச் சுருக்கிக்கொண்டு ‘ஆள் கிடைக்கலை’ என்று புலம்புகிறோம். சொந்தக்காரரை வேலைக்கு வைத்தால் கூலிக் கணக்கும் கல்யாணத்து மொய்க் கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடும். குறை சொல்லவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

6. பேசிப் பார்க்கும்போது எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், பதிலை உடனே குறித்து வையுங்கள். ஒருவரிடம் ஊர்க்கதை, இன்னொருவரிடம் அரசியல் என்று பேசினால் கடைசியில் நன்றாகப் பேசியவர்தான் மனதில் நிற்பார். நன்றாகப் பேசுவது தறிக்கு வேண்டாத திறமை. நான் கேட்கச் சொல்வது இவை:

“போன பட்டறைல என்ன ரகம் நெஞ்சீங்க தம்பி? எத்தன தறி பாத்தீங்க?”
“தறி ஓட்டத்துல சத்தம் மாறுனா மொதல்ல எங்க கை வெப்பீங்க?”
“கடேசியா துணில குறை வந்தது எதுனால? அப்ப என்ன பண்ணுனீங்க?”
“எந்த ஷிப்டு உங்களுக்கு ஒத்து வரும்? ஊட்ல யார் யார் இருக்காங்க?”

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ‘எங்கிட்ட குறையே வந்ததில்லீங்கண்ணா’ என்பவரை விட, ‘நூல் மோசம்னு நெனச்சேன், பாத்தா அச்சுல ஒரு பல்லு வளைஞ்சிருந்துதுங்க, மேஸ்திரிகிட்ட சொல்லி நிறுத்திப்புட்டேன்’ என்பவர் எத்தனையோ மேல்.

7. ஆனால் பேச்சை விடத் தறிதான் உண்மையைச் சொல்லும். பிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், ஆள் தேர்வு பற்றி 85 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்று சேர்த்து 1998இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேலையையே செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பது மிக நம்பகமான வழிகளில் ஒன்று, ஒரே கேள்விகளைத் திட்டமிட்டுக் கேட்பதும் நல்ல பலன் தரும், எத்தனை வருட அனுபவம் என்பதை மட்டும் வைத்துக் கணிப்பது பலவீனம் என்று அதில் தெரிந்தது. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வது கிட்டத்தட்டப் பயனே இல்லை என்பதும் அதில் உண்டு. ராசி, நட்சத்திரம் கேட்டு ஆள் சேர்க்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆகவே ‘இருபது வருச அனுபவம்’ என்று வருகிறவரையும் நாலு மணி நேரம் தறியில் நிறுத்திப் பாருங்கள். சுவிட்சைப் போடுவதற்கு முன் பாவைத் தடவிப் பார்க்கிறாரா? நாடா போகிற வழியில் நூல் தொங்குகிறதா என்று குனிகிறாரா? இழை அறுந்தால் முடிச்சு சிறியதாக விழுகிறதா, துணியில் முண்டு தெரிகிறதா? ஒரு தறியில் குனிந்திருக்கும்போது மற்றத் தறிகளின் சத்தத்துக்குக் காது கொடுக்கிறாரா? நெய்த துணியின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதா? வேகத்தை முதல் நாளில் பார்க்க வேண்டாம். உங்கள் தறி அவருக்குப் புதிது.

நம் பக்கத்து ஊரான சின்னப்பம்பட்டியிலிருந்து போன கிரிக்கெட் வீரர் நடராஜனை எல்லோருக்கும் தெரியும். 2020இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவரை முதலில் வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற ஆட்டக்காரர்களுக்குக் காயம் பட்டதால் இடம் கிடைத்து, அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக முதல் முறை இறங்கினார். டென்னிஸ் பந்து ஆடிக்கொண்டிருந்த பையனின் கையைப் பார்த்து யாரோ ஒருவர் முன்பே வழி காட்டியிருக்காவிட்டால் அந்த விமானத்தில் அவர் ஏறியிருக்க மாட்டார். ஊருக்குள் அப்படி எத்தனை கைகள் கவனிப்பார் இல்லாமல் கிடக்கின்றன என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

8. சோதனைக்கு நின்ற நேரத்துக்கும் கூலி கொடுத்துவிடுங்கள், சேர்க்காவிட்டாலும்.

9. பழைய முதலாளிக்குப் போன் செய்தால் ‘நல்ல ஆளுங்களா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு வருகிற பதில் எதற்கும் உதவாது. ‘அவர் திரும்ப வந்தா சேத்துக்குவீங்களா?’ என்று கேளுங்கள். பதிலுக்கு முன் வருகிற தயக்கமும் ஒரு தகவல்தான். பாக்கி நிலுவையில் இருக்கும் முதலாளி எப்படியும் கெட்டதாகத்தான் சொல்வார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

10. இனி பாக்கி. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேரும்போது கொடுக்கிற முன்பணம்தான் இங்கே ஆள் பிடிக்கிற தூண்டில். பக்கத்துப் பட்டறைக்காரர் கூடக் கொடுத்தால் ஆள் அங்கே போவார், அவர் உங்கள் பாக்கியை அடைப்பார். ஆளுக்குக் கடன் ஒரு படி ஏறும். தறி ஓட்டுகிறவருக்கு அந்தக் கடன் எளிதில் தீராது. பட்டறைக்காரருக்கும் அந்தப் பணம் எளிதில் கைக்குத் திரும்பாது. மானிடவியலாளர் கீர்ட் டி நெவ் 1990களில் குமாரபாளையம், பவானிப் பக்கம் தங்கி இதையே ஆராய்ந்து, 1999இல் கட்டுரையாகவும் 2005இல் தொழிலாளர் வாழ்க்கை பற்றிய புத்தகத்தின் பகுதியாகவும் எழுதினார். பாக்கி ஆளைக் கட்டிப்போடும் என்று முதலாளி நம்புகிறார், ஆள் அதை வாங்கிக்கொண்டே இடம் மாறவும் செய்கிறார் என்பதை அவர் விரிவாகக் காட்டியிருக்கிறார். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நிம்மதி இல்லாத ஏற்பாடு இது.

சட்டமும் இதில் கடுமையானது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. முன்பணம் கொடுத்து, அது தீரும் வரை வேறு இடத்துக்குப் போகக் கூடாது என்றோ, குறைந்த கூலிக்கு வேலை செய்ய வேண்டும் என்றோ கட்டாயப்படுத்தினால் அது கொத்தடிமை முறை. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, அந்தக் கடனும் செல்லாததாகிவிடும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம், ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் சொல்லிவிட்டது. ‘ஊரே இப்படித்தான் நடக்குது’ என்பது அதிகாரி முன்னால் பதிலாகாது.

மாற்று வழி என்ன? ஒரு மாதக் கூலிக்கு மேல் முன்பணம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி வேண்டாம். வாரம் எவ்வளவு பிடிப்பது என்று அவர் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள், ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும். இடையில் போக நினைத்தால் போகலாம், மீதியைத் தவணையில் தரலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், பிரசவம், ஆஸ்பத்திரி என்று வரும்போது கை கொடுங்கள். மனிதர் நிலைப்பது அந்த உதவியால்தான். நல்ல ஆள் ஒருவர் பழைய பாக்கியோடு வந்தால், அதை முழுசாக அடைத்து உங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ளாமல், பழைய முதலாளியிடம் அவரையும் வைத்துப் பேசித் தவணை போட முடியுமா என்று பாருங்கள். ஒரு தெருவில் நாலு பட்டறைக்காரர்கள் உட்கார்ந்து ‘இதுக்கு மேல யாரும் குடுக்கறதில்ல’ என்று முடிவெடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அது நடக்கும் என்று நான் நம்புகிறேன். கூலி உயர்வுக்கும் போனசுக்கும் ஒன்றாக உட்கார்ந்து பேசிப் பழகியவர்கள்தானே நாம்.

11. பாக்கிக்குப் போகிற பணத்தைக் கூலியில் போடுங்கள். ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் 1913இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரே ஆண்டில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. வருகிறவர் எல்லாம் போய்க்கொண்டே இருந்தார்கள். 1914 ஜனவரியில் நாள் கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் ஆக்கினார், வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். ஆள் போவது மளமளவென்று குறைந்தது. (தொழிலாளர் வீட்டுக்கு ஆள் அனுப்பி அவர்கள் ஒழுக்கத்தை வேவு பார்க்கவும் செய்தார் ஃபோர்டு. அது நமக்கு வேண்டாம்.) கூலியை இரட்டிப்பாக்க நம்மால் முடியாது. பக்கத்துப் பட்டறையை விட மீட்டருக்குக் கொஞ்சம் கூட்டித் தருவதும், சனிக்கிழமை சாயந்திரம் என்றால் சனிக்கிழமை சாயந்திரமே தருவதும் முடியும். பார்ட்டி பணம் வரவில்லை என்று கூலியைத் தள்ளிப்போடும் பட்டறைக்கு நல்ல ஆள் இரண்டாம் முறை வர மாட்டார்.

12. புருசன் தறி ஓட்ட, பெண்டாட்டி தார் சுற்ற என்று ஜோடியாகச் சேர்ப்பது இங்கே வழக்கம். அப்படியானால் பேசும்போது இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். லைன் வீட்டில் தண்ணீர் எப்போது வரும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று அந்த அம்மா கேட்கிற கேள்விகளுக்கு நேர்மையான பதில் சொல்லுங்கள். அவர் கூலியை அவர் கையிலேயே கொடுங்கள், புருசன் கணக்கில் சேர்க்காதீர்கள். குடும்பம் இருப்பதும் போவதும் பெரும்பாலும் அவர் முடிவு.

13. ஒடிசா, பீகார் ஆட்கள் வந்தால் ஏஜென்ட் சொல்வதை மட்டும் கேட்டுச் சேர்க்காதீர்கள். ஏஜென்ட் அவர்கள் கூலியில் எவ்வளவு எடுக்கிறார் என்று தெரிந்துகொண்டு, கூலியை நேரே அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம் போன்றவற்றை வாங்கி வைத்துக்கொள்வது தவறு, நகல் போதும். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து நடக்கிறது. அவர்கள் ஊர்க் கார்டை வைத்து இங்கே அரிசி வாங்க முடியுமா என்று ரேஷன் கடையில் விசாரித்துக் கொடுங்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்து ரயிலேறியவர்கள் ஏராளம். அவர்களிடம் முன்பே நாலு வார்த்தை பேசிப் பழகியிருந்த முதலாளியின் சொல்லுக்குத்தான் அந்த நேரத்தில் மதிப்பு இருந்திருக்கும். வாரம் ஒரு நாளாவது அவர்களோடு உட்கார்ந்து டீ குடியுங்கள். அரைகுறை இந்தியும் அரைகுறைத் தமிழும் போதும்.

14. வயசுக்கு ஆதாரை மட்டும் நம்ப வேண்டாம். ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழைக் கேளுங்கள். 14 வயசுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைப்பது குற்றம். 18 நிறையாத பிள்ளையையும் பட்டறைக்குள் விடாதீர்கள். ‘சும்மா அப்பனுக்கு ஒத்தாசையா வந்திருக்கான்’ என்று சொன்னாலும் பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

15. பெண்கள் வேலை செய்கிற பட்டறையில் தனிக் கழிப்பறை, தாழ்ப்பாள், வெளிச்சம் மூன்றும் கட்டாயம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்குழு அமைக்க வேண்டும். ராத்திரி ஷிப்டுக்குப் பெண்களை அழைத்தால் அவர்கள் சம்மதமும், வீடு வரை கொண்டு விட ஏற்பாடும் இல்லாமல் அழைக்காதீர்கள். இதெல்லாம் சரியாக இருக்கிற பட்டறை எது என்று ஊர்ப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும்.

16. காகிதம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கின்றன. பயப்பட ஒன்றும் இல்லை. முதல் குறிப்பில் எழுதிய தாளோடு கூலி, ஷிப்டு நேரம், விடுமுறை, போனஸ் ஆகியவற்றைச் சேர்த்து இருவரும் கையெழுத்துப் போட்டால் பாதி வேலை முடிந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் இஎஸ்ஐ: மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். இருபது பேர் என்றால் பிஎஃப். சின்னப் பட்டறையாக இருந்தால் விசைத்தறித் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ள உதவுங்கள். படிவம் நிரப்ப ஒரு மணி நேரம் உட்கார்ந்து உதவிய முதலாளியை ஆள் மறப்பதில்லை.

17. முதல் வாரத்தில் புது ஆளை ராத்திரி ஷிப்டில் தனியாக நிறுத்தாதீர்கள். பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அந்தப் பழைய ஆளுக்குக் கற்றுக்கொடுக்கிற கூலி தனியாகக் கொடுங்கள். நாடா பறந்து கண்ணில் பட்டால் போன கண் திரும்பாது. நாடாக் காப்பு, பெல்ட் மூடி, காதுக்கு அடைப்பான் ஆகியவற்றை முதல் நாளே காட்டிவிடுங்கள்.

18. தறியே தெரியாத பிள்ளைகளையும் சேர்க்கப் பாருங்கள். ஊர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறோம். பன்னிரண்டு மணி நேரம் சத்தத்தில் நிற்கிற வேலை, அதிலும் வாரம் விட்டு வாரம் ராத்திரி. அவர்கள் போவதில் தப்பில்லை. நல்ல துணி ரகம் ஓடுகிற பட்டறைகளாவது எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்டு வைத்துப் பார்க்கலாம். களைப்பில் வருகிற குறையும் வேஸ்ட் நூலும் எவ்வளவு குறைகிறது என்று மூன்று மாதம் கணக்கு எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள். சேலம், குமாரபாளையம் விசைத்தறிச் சேவை மையங்களில் பயிற்சி பற்றி விசாரியுங்கள். பழகும் காலத்தில் மீட்டர் கணக்குப் பார்க்காமல் நாள் கூலி கொடுங்கள். மீட்டருக்குப் பயந்து ஓடுகிற கை முடிச்சைக் கற்றுக்கொள்ளாது.

19. தீபாவளிப் போனஸ் வாங்கிய கையோடு ஆள் மாறுகிற காலம் வரும். போகிறவரை ஏசாதீர்கள். கணக்கை அன்றே முடியுங்கள், வர வேண்டிய கூலியைப் பிடித்து வைக்காதீர்கள், லைன் வீட்டைக் காலி செய்ய ஒரு வாரமாவது கொடுங்கள். பொங்கலுக்குள் திரும்பி வந்து ‘இடம் இருக்குங்களாண்ணா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படி வந்தால் பழையதைக் கிளறாமல், புது ஆளுக்குச் சொன்ன அதே கூலியை அவருக்கும் சொல்லி, அன்றைக்கே தறி கொடுங்கள்.